இரு விமான நிலையங்களுக்கு இடையே: தூரமும் நேரமும் (கேள்வி பதில்)

கேள்வி: லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே சுமார் 8,780 கி.மீ. என்கிறார்கள். இந்தத் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு, பூமியின் மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய பாதையான பெருவட்ட வில்லின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். தட்டையான வரைபடத்தில் இந்தப் பாதை வடக்கே வளைந்து கிரீன்லாந்தைத் தொடுவதுபோலத் தெரியும். ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அதுவே நேர்வழி என்பது விளங்கிவிடும். விமானங்கள் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

கேள்வி: தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் நேரம் கிடைத்துவிடாதா?

பதில்: தோராயமாகத்தான் கிடைக்கும். 900 என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். பயண நேரத்தை முடிவு செய்வதோ தரையைப் பொறுத்த வேகம். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் சில வேளைகளில் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். 2020 பிப்ரவரியில், அப்படியொரு பலத்த காற்றின் துணையோடு, நியூயார்க்கில் கிளம்பிய போயிங் 747 ஒன்று 5 மணி நேரத்துக்குள் லண்டனை அடைந்தது. வழக்கமாக இதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கேள்வி: போகும்போது மிச்சமாகும் நேரம் வரும்போது செலவாகிச் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: சரியாகாது, ஐயா. இதே நியூயார்க்-லண்டன் தடத்தின் 5,540 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 19 நிமிடம். மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால், பின்காற்றில் 5 மணி 32 நிமிடமும் எதிர்க்காற்றில் 6 மணி 56 நிமிடமும் ஆக, மொத்தம் 12 மணி 28 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றிலேயே அதிக நேரம் சிக்கியிருக்கிறது. ஆகவே மிச்சமாவதைவிட இழப்பதே அதிகம்.

கேள்வி: ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ செல்லும் நேரம் 2022க்குப் பிறகு ஏன் இவ்வளவு கூடிவிட்டது?

பதில்: நிலையங்களுக்கு இடையிலான தூரம் மாறவில்லை, அதே 7,800 கி.மீ. சொச்சம்தான். ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால், முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானங்கள் வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ சுமார் 13 மணி நேரம் பறக்கின்றன. தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவர்கள் ஏமாறும் இடம் இது.

கேள்வி: டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குவதாகப் பயணச்சீட்டில் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை. இரண்டுமே உள்ளூர் நேரங்கள். இடையில் சர்வதேசத் தேதிக் கோடு வருகிறது. கிரீனிச் நேரத்துக்கு மாற்றினால் புறப்பாடு காலை 8 மணி, அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் கோடைக்காலக் கணக்கில் வருகை மாலை 6 மணி. ஆக 10 மணி நேரம். இதில் வாயிலிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்கியபின் வாயிலுக்கு வந்து நிற்பதும் அடக்கம். பறக்கும் நேரம் அதைவிடக் குறைவு.