ஊர்ப் பெரியவர்களின் பேச்சை ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கும்போது பெயரையும் போன் நம்பரையும் நீக்கிவிட்டால் போதுமா?

போதாது தம்பி. திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் போய் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்து, அதைப் பதிவு செய்து, எழுத்தாகவும் மாற்றி, யார் வேண்டுமானாலும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடப் போவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேலை, கட்டாயம் செய்யுங்கள், நம் வழக்கில் பேசினால் இன்றைக்கும் பாதி கருவிகளுக்குப் புரிவதில்லை. நான் பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தபடியே தமிழ்ப் பயிற்சித் தரவைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறேன். அதில் கண்டதை வைத்துச் சொல்கிறேன், ஒரு ஆளைக் காட்டிக்கொடுப்பதில் பெயருக்கும் நம்பருக்கும் இருப்பது சின்னப் பங்குதான்.

கற்பனையாக ஒரு உதாரணம். முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிற ஒரு அம்மா உங்களிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரை எடுத்துவிட்டீர்கள், ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டீர்கள். ஆனால் வீட்டுக்காரர் லாரி விபத்தில் இறந்தது, மூத்த மகன் குவைத்தில் இருப்பது, நடுவுள்ளவள் நர்ஸ் வேலை பார்ப்பது, கடைசிப் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காதது, பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள் என்பது, எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பீடிக் கம்பெனியில் இலை வாங்க நிற்கிற யாரிடம் படித்துக் காட்டினாலும் ‘நம்ம இன்னார் வீடுல்லா’ என்று சொல்லிவிடுவார்கள். அதிலும் சாஸ்தா ஒன்றே பாதியைச் சொல்லிவிடும். நம் பக்கத்தில் ஒரு குடும்பம் எந்த சாஸ்தாவைக் கும்பிடுகிறது என்று தெரிந்தால் பூர்வீக ஊரும் வம்சமும், பல நேரம் சாதியும் தெரிந்துபோகும். வெளியூரில் செய்த, தனிப்பட்ட விவரத்தை நீக்கும் கருவிக்கு அது வெறும் கோயில் பெயர். அது தனிப்பட்ட தகவல் என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும், அதனால் அதைப் பார்க்கிற பொறுப்பும் நம்முடையது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்றும் கையில் இருந்தால் அந்த நாட்டில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று. பெயரே வேண்டாம். 500 வீடு இருக்கிற கிராமத்தில் மூன்று விவரம்கூடத் தேவைப்படாது.

பெயரை நீக்குவதே தமிழில் சுலபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பெயருக்குப் பெரிய எழுத்து உண்டு, கருவிக்கு அது ஒரு பிடி. நமக்கு அது கிடையாது. கனி, மலர், செல்வம், துரை எல்லாம் பெயராகவும் வரும், சாதாரணச் சொல்லாகவும் வரும். செல்வம் என்று தேடினால் ‘செல்வத்துக்கிட்ட’ தப்பிவிடும், இசக்கி என்று தேடினால் சாமியும் ஆளும் சேர்ந்து அழிந்துபோவார்கள். ஆதார் எண்ணில் 12 இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, அதைப் பிடிக்க ஒரு சின்ன நிரல் போதும். ஆனால் பேச்சை எழுத்தாக்கும்போது ‘தொண்ணூத்தெட்டு நாப்பத்திரண்டு’ என்று எழுத்திலேயே போன் நம்பர் வரும், நிரல் அதை எண்ணாகவே பார்க்காது. சர்வே நம்பரையும் விட்டுவிடாதீர்கள். வயல் தகராறு பற்றிப் பேசுகிறவர்கள் சர்வே நம்பரை உட்பிரிவோடு சொல்வார்கள், அரசின் பட்டா தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் உரிமையாளர் பெயர் வந்துவிடும். அதனால் கருவியை ஓட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அப்புறம் அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் ஒவ்வொரு பக்கத்தையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். நீக்கிய இடத்தைக் கட்டம் போட்டு விடுவதைவிட, அதே மாதிரி வேறொரு பெயரை வைப்பது மேல். ஒன்றிரண்டு தப்பினாலும் எது நிஜம் எது மாற்றியது என்று படிப்பவருக்குத் தெரியாது. ஒரு ஆளுக்கு ஒரு உரை முழுக்க ஒரே மாற்றுப்பெயர் வையுங்கள், இல்லையென்றால் கதை குழம்பிவிடும்.

‘கோடிக்கணக்கான பக்கத்தில் நம்முடையது ஒரு மூலையில் கிடக்கும், யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதை அப்படி நம்பிவிட வேண்டாம். நிக்கலஸ் கார்லினி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2020 இறுதியில் வெளியிட்ட ஆய்வில் ஜிபிடி-2 என்ற, எழுத்தைப் படித்துப் பழகிய ஏஐ மாடலிடம் கேள்வி கேட்டுக் கேட்டே அது பயிற்சியில் படித்த நூற்றுக்கணக்கான துண்டுகளை வார்த்தை மாறாமல் வெளியே எடுத்தார்கள். அதில் நிஜ மனிதர்களின் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் இருந்தன, ஒரே ஒரு ஆவணத்தில் இருந்த விஷயம்கூட வந்தது. 2023இல் சாட்ஜிபிடியிடம் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லியே இதைச் செய்து காட்டினார்கள். ஒரே துண்டு பல தடவை வந்தால் மாடல் அதை மனப்பாடம் செய்யும் வாய்ப்பு கூடும், எனவே ஒரே பேட்டியை நாலு கோப்பில் வைக்காதீர்கள். மாடலைப் பயிற்றுவிக்கும்போதே கணக்குப்படி கொஞ்சம் இரைச்சலை, அதாவது தற்செயலான எண்களை, கலந்து தனி ஆளின் தடத்தை மங்கவைக்கும் முறையும் இருக்கிறது, 2016இலேயே இந்த மாடல்களுக்கு அடிப்படையான நரம்பு வலைகளுக்கு அதைச் செய்துகாட்டிவிட்டார்கள். ஆனால் அது பயிற்றுவிப்பவர் கையில் இருக்கிறது. நீங்கள் வெளியிட்ட பிறகு யார் எடுப்பார்கள், எப்படிப் பயிற்றுவிப்பார்கள் என்பதில் உங்களுக்கு ஒரு பிடியும் இருக்காது.

குரல் இன்னொரு பக்கம். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 3 விநாடிக் குரலை வைத்தே அதே குரலில் பேசவைக்கும் மாடலைக் காட்டினார்கள். பெரியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு யாராவது அந்தக் குரலில் போன் போட்டுப் பணம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எழுத்தாக்கத்துக்கு மட்டும் சம்மதம் சொல்கிறவர்கள் இருப்பார்கள், ஒப்புதலில் குரலையும் எழுத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சட்டம் என்று பார்த்தால் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட விவரம் அதற்குள் வராது, ஆனால் நீங்கள் போய்ப் பதிவு செய்கிற பேச்சு அப்படி இல்லை. சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. இதில்தான் சிக்கல், ஒரு தரவை மாடல் படித்துவிட்டால் அதிலிருந்து ஒரு ஆளை மட்டும் உருவி எடுப்பதற்கு இன்னும் நம்பகமான வழி கிடையாது. அதனால் பதிவு செய்த உடனே வெளியிட வேண்டாம், ஒரு மாதமாவது வைத்திருந்து, எழுத்தாக்கியதை அவர்கள் வீட்டிலேயே போய் வாசித்துக் காட்டி, ‘இதை எடுத்துரு’ என்றால் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் எனக்கு மனசு ஒப்பாத ஒன்று இருக்கிறது. பேசுகிற ஆச்சி சம்மதம் கொடுத்துவிட்டார், சரி. அவர் பேச்சில் வருகிற மருமகள்? ஓடிப்போய்க் கல்யாணம் செய்த பக்கத்து வீட்டுப் பெண்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கு இப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாது. மற்றவர்களுடைய நோய், கடன், கல்யாணம், சாதிப் பிரச்சினை வருகிற பகுதியை மாற்றுப்பெயர் வைத்து ஒப்பேற்றாமல் முழுசாகவே வெட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதைவிட நல்ல வழி, கேள்வியை மாற்றுவது. ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க’ என்று ஆரம்பித்தால் குடும்ப விவரம்தான் வரும். சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்றுவது, கருப்பட்டி காய்ச்சும்போது பதம் எப்படித் தெரியும், கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் அந்தக் காலத்தில் என்ன நெல் போட்டார்கள், கோயில் கொடை விழாவுக்குப் பந்தல் போடுவதில் இருந்து சாமி இறங்குவது வரைக்கும் என்னென்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் பேசுவார்கள், உங்களுக்கு வேண்டிய நம் வழக்கு அத்தனையும் அதிலேயே கிடைக்கும், நீக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.