அப்பாவைப் பட்டினி போட்டால் கட்டி பட்டினியாகுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, மல்லாட்டை (நிலக்கடலை) பயிர் வைப்பவர். கழுத்தில் கட்டி வந்து, லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று சொல்லி வேலூரில் வைத்தியம் நடக்கிறது. மூன்று கீமோ முடிந்தது. பெட் ஸ்கேன் எடுத்தபோது, "சர்க்கரையைத்தான் ஊசியில் ஏற்றுகிறோம், புற்றுநோய் அதை இழுத்துக்கொள்ளும்" என்றார்கள். அப்படியானால் சர்க்கரைதானே அதற்குத் தீனி? அன்று முதல் சோறு, பழம், பால், சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். காய் வேகவைத்த தண்ணீரும் முள்சீத்தா இலைக் கஷாயமும்தான். எடை 62 கிலோவிலிருந்து 54 ஆகிவிட்டது. டயட்டீஷியன் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அப்பாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனாலும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தால் புற்றுநோய் சாகும் என்று வீடியோவில் பார்த்தேன். கொடுக்கலாமா? போன வாரம் ஆற்காடு மக்கன் பேடா வேண்டும் என்று கேட்டார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்துவிட்டேன்.
- பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, மூன்று கீமோவுக்குள் 8 கிலோ என்பதைப் படித்ததும் கொஞ்சம் பதறிவிட்டேன். அதனால் காரணத்தைப் பிறகு பேசுவோம், செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். இன்று இரவே அப்பாவுக்குச் சோறு போடுங்கள். குழைய வடித்த சோறு, பருப்பு, கொஞ்சம் நெய், ஒரு அவித்த முட்டை. இத்தனை நாள் காய்ந்த வயிறு, ஒரேயடியாகத் திணிக்க வேண்டாம். ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இத்தனை வாரமாக என்ன கொடுத்தீர்கள் என்பதை அந்த டயட்டீஷியனிடமும் கீமோ டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்டவர் மறுபடி சாப்பிடத் தொடங்கும்போது ரத்தத்தில் சில உப்புகள் சட்டென்று இறங்கலாம், அதை அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள்.

சரி, இப்போது ஸ்கேனுக்கு வருவோம். அங்கே உங்களிடம் சொன்னது பொய்யில்லை. ஊசியில் ஏற்றியது குளுக்கோஸ் மாதிரியே வேடம் போட்ட ஒரு பொருள். அதில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டியிருக்கும். செல்லின் கதவு அதைக் குளுக்கோஸ் என்று நினைத்து உள்ளே விடும். உள்ளே முதல் நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை மாட்டும். அதற்குமேல் அதை உடைக்கவும் முடியாது, எளிதில் வெளியே அனுப்பவும் முடியாது. மாட்டிக்கொண்டு மின்னும், அந்த வெளிச்சத்தைத்தான் படமாக எடுக்கிறார்கள். 110 நிமிடத்தில் கதிரியக்கம் பாதியாகிவிடும். ஏற்றியது எவ்வளவு என்று கேட்டால், ஒரு சர்க்கரைத் துகள் அளவுகூட இருக்காது.

ஆனால் அந்தப் படத்தை நீங்கள் முழுதாகப் பார்த்திருந்தால் ஒன்று கவனித்திருப்பீர்கள். கழுத்துக் கட்டியோடு மூளையும் பளிச்சென்று எரிந்திருக்கும். மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் சாப்பிடும் உறுப்பு. இதயம் சில நேரம் மின்னும், காசநோய்க் கட்டியும் மின்னும். நம் பக்கம் காசநோய் நிறைய என்பதால்தான் படத்தை மட்டும் நம்பாமல் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்கிறோம். குளுக்கோஸ் தின்பது குற்றம் என்றால் முதல் குற்றவாளி மூளைதான்.

ஆனாலும் புற்றுநோய் செல் குளுக்கோஸைத் தின்னும் விதத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி அதைக் கவனித்தார். சாதாரண செல் ஆக்சிஜன் இருந்தால் குளுக்கோஸைத் தன் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் முழுக்க எரித்து, ஒரு மூலக்கூறுக்குச் சுமார் 30 ஏடிபி சம்பாதிக்கும். ஏடிபி என்பது செல்லின் கைச்செலவுக் காசு. புற்றுநோய் செல்லோ ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் குளுக்கோஸைப் பாதியில் உடைத்து, 2 ஏடிபி மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டேட் என்ற கழிவாக வெளியே கொட்டியது. 30 கிடைக்கும் இடத்தில் 2 எடுத்துக்கொண்டு போகிறவனை ஊரில் என்ன சொல்வார்கள்? வார்பர்க்கும் அப்படித்தான் நினைத்தார். மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனதால்தான் இந்தப் பிழைப்பு என்றார். அது பெரும்பாலான புற்றுநோய்களில் சரியில்லை, மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே ஓடுகிறது என்று பின்னால் தெரிந்தது. (வாட்ஸ்அப்பில் வருவதுபோல அவர் இதற்காக நோபல் வாங்கவில்லை. 1931இல் கிடைத்த நோபல், செல்லின் சுவாச நொதியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு.)

பிறகு ஏன் இந்த ஊதாரித்தனம்? உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மல்லாட்டை பிடுங்கிக் காயவைத்ததும் எல்லா மூட்டையையும் செக்குக்கு அனுப்பிவிடுவீர்களா? தேறிய காயாகப் பொறுக்கி விதைக்கு எடுத்து வைப்பீர்கள். செக்குக்குப் போனது எண்ணெயோடு தீர்ந்தது. விதைக்கு வைத்தால்தான் அடுத்த பட்டம். குளுக்கோஸும் அப்படித்தான். முழுக்க எரித்தால் காசு நிறைய, மிச்சம் கரியமில வாயுவும் தண்ணீரும். ஆனால் ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் டிஎன்ஏ வேண்டும், மேல்சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும், புரதம் வேண்டும். அதற்கெல்லாம் மூலப்பொருள், குளுக்கோஸை உடைக்கும் வழியின் நடுவிலேயே கிடைக்கிறது. ஒரு கிளையில் டிஎன்ஏவுக்கான சர்க்கரை, இன்னொன்றில் அமினோ அமிலம். பெரும்பங்கு லாக்டேட்டாக வீணாகத்தான் போகிறது. ஆனாலும் வாய்க்கால் வேகமாக ஓடும்போது மடை திறந்து வேண்டியதைத் திருப்பிக்கொள்ளலாம், இல்லையா? வரத்து தாராளமாக இருக்கும்வரை அதற்குச் சிக்கனம் பற்றிக் கவலை இல்லை.

இது புற்றுநோய் தானாகக் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. கிருமி வந்ததும் படைபோலப் பெருகும் டி-செல்கள் என்ற நம் வெள்ளை அணுக்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பெருக வேண்டிய செல் எதுவானாலும் இந்த வழியை நாடும். உடலில் இருக்கும் நல்ல சாவியைத் திருடி, பூட்டாமல் விட்டுவிடுவதுதான் புற்றுநோயின் குணம்.

குளுக்கோஸை விட்டால் அதற்கு வேறு கதி இல்லை என்றும் நினைக்காதீர்கள். ரத்தத்தில் அதிகமாக மிதக்கும் அமினோ அமிலமான குளுட்டமினை அது ஆவலாகத் தின்னும். கொழுப்பைத் தின்னும். பக்கத்துச் செல் வெளியே கொட்டிய லாக்டேட்டையும் சில கட்டிகள் தின்னும். ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் உள்பாகங்களையே கரைத்துத் தின்று நாள் கடத்தும். ஆக்சிஜன் குறைந்தால் அதை உணரும் ஒரு புரதம் விழித்துக்கொண்டு, இன்னும் அதிகக் குளுக்கோஸை இழுக்கவும் புது ரத்தக் குழாய் வளர்க்கவும் ஆணையிடும். செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். லாக்டேட்டோடு வெளியே கொட்டும் அமிலம் கட்டியைச் சுற்றித் தேங்கி, அடிக்க வரும் டி-செல்களைச் சோர வைக்கும். (அதற்காக ஆல்கலைன் வாட்டர் எனும் காரத் தண்ணீர் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தத்தின் அமில-கார அளவான பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் நிற்கும், அதை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும்.)

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அப்பாவின் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கும் குளுக்கோஸ் எவ்வளவு தெரியுமா? நாலைந்து கிராம், ஒரு டீஸ்பூன். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் அந்த ஒரு டீஸ்பூனைக் காப்பாற்றியே தீரும், இல்லாவிட்டால் மூளை நின்றுவிடும். அது சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு ஏறக்குறைய ஒரு நாளில் தீரும். அதற்கப்புறம் தசையைக் கரைத்து அமினோ அமிலமாக்கி, அதிலிருந்து குளுக்கோஸ் செய்யும். கரையும் தசையிலிருந்து குளுட்டமினும் சேர்ந்தே வெளியே வரும். போதாததற்கு, கட்டி கொட்டிய லாக்டேட்டைக் கல்லீரல் வாங்கி மறுபடி குளுக்கோஸ் ஆக்கும். கட்டிக்கு 2 ஏடிபி வரவு, கல்லீரலுக்கு 6 ஏடிபி செலவு. ஆக, வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் கட்டிக்குப் பந்தி நடக்கிறது. இலையில் விழுவது அப்பாவின் தொடைச் சதை. அந்த 8 கிலோவில் ஒரு பங்கு அதுதான்.

எடை இப்படி இறங்கினால் கீமோவை உடம்பு தாங்காது. ரத்த அணுக்கள் எழும்ப நேரமாகும், தொற்று வரும், அடுத்த கீமோ தள்ளிப்போகும். லிம்போமாவுக்குத் தேதி தவறாமல் மருந்து போவது முக்கியம்.

புற்றுநோயைப் பட்டினி போடவே முடியாதா என்றால், முடியும், அதற்கென்று மருந்து இருந்தால். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் செல்லுக்கு அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதுமான அளவு சொந்தமாகச் செய்துகொள்ளத் தெரியாது. ரத்தத்தில் இருப்பதை ஊசி போட்டுக் கரைத்துவிட்டால் அது சாகும், மற்ற செல்கள் தாங்களே செய்துகொள்ளும். மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தும் இப்படித்தான், டிஎன்ஏ செய்வதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் உதவும் பாதையை அடைக்கும். அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதற்கு முன்பே சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஏடிபியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரும் அவர்தான். நம் ஊர்ப் பாடப் புத்தகங்களில் அவருக்கு இன்னும் நாலு பக்கம் ஒதுக்கலாம் என்பது என் பழைய ஆதங்கம்.

மெட்ஃபார்மின் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது அருமையான மாத்திரை. சர்க்கரை நோய் இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை. பசியைக் கெடுத்து வயிற்றைக் கலக்கும் குணமும் அதற்கு உண்டு. ஏற்கனவே இளைத்தவருக்கு அது எதற்கு?

கஷாயத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். முள்சீத்தா சோதனைக் குழாயில் செல்லைக் கொன்றிருக்கலாம், மனிதரில் புற்றுநோயைக் குணப்படுத்தியதாகச் சான்று இல்லை. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் அதை நெடுநாள் சாப்பிட்டு வந்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு அதிகம் காணப்பட்டது. செடி மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. லிம்போமாவுக்குப் பரவலாகப் போடும் வின்கிறிஸ்டின், நித்யகல்யாணியிலிருந்து வந்ததுதான். ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து. இலையைப் பறித்து அரைத்துக் குடித்தால் விஷம்.

அப்பாவுக்குப் புரதம், கிலோ எடைக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, அதாவது நாளைக்கு 54 முதல் 81 கிராம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம். பால், பருப்பு, மீன், கோழி, கேழ்வரகுக் கஞ்சி, உங்கள் வயல் மல்லாட்டையை வறுத்தோ அவித்தோ, பூஞ்சை பிடித்ததைத் தள்ளிவிட்டு. பக்கத்து இலவம்பாடி முள்கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் சோறு தானாக இறங்கும். எல்லாம் நன்றாக வெந்ததாக, சூடாக இருக்கட்டும், தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும், தெருவோர ஜூஸ் வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மக்கன் பேடா விஷயம். ஒவ்வொரு கீமோவோடும் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கலாம், சீட்டில் பிரெட்னிசலோன் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த நாட்களில் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை ஏறும், அப்போது இனிப்பு வேண்டாம். அது முடிந்து இரண்டு மூன்று நாள் போகட்டும், ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் எழும்பிவிட்டன என்று டாக்டர் சொன்னதும் ஆற்காட்டுக்குப் போய் அன்றைக்குப் போட்டதாகக் கேட்டு வாங்கி வாருங்கள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று உங்களுக்கு.