பட்டறைப் பதில்கள்: வாய் உதிரும் கத்திக்கு என்ன வைத்தியம்?

அண்ணாச்சி, மரப்பொம்மை செதுக்கப் பழைய அரத்தில் ஒரு சின்னக் கத்தி (பிச்சாத்தி) அடித்தேன். நன்றாகப் பழுக்கக் காய்ச்சி, பச்சைத் தண்ணீரில் முக்கினேன். கைமயிரை வழிக்கும் அளவுக்குக் கூர் வந்தது. ஆனால் பலாக்கட்டையில் கணு வந்த இடத்தில் வாய் பொடிப்பொடியாக உதிர்கிறது, நுனியும் போய்விட்டது. இரும்பு மோசமா, என் கை மோசமா?
*ஒரு வாசகர், அருமனை*

தம்பி, இரும்பும் நல்ல இரும்புதான், கையும் நல்ல கைதான். வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். அவ்வளவு கார்பன் உள்ள உருக்கைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடினம் இருக்கும், அடி தாங்காது. அதை மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதம் இறக்கிய பிறகுதான் அது கத்தி. அந்தப் பாதியைத்தான் விட்டுவிட்டீர்கள்.

முதலில் கையிலிருக்கும் கத்தியைப் பாருங்கள். தண்ணீரில் முக்கியதால் மயிரிழை மாதிரி விரிசல் விழுந்திருக்கலாம். மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, பொடியில் கோடு காட்டும். கோடு தெரிந்தால் அந்தக் கத்தி வேண்டாம். தெரியாவிட்டால் கீழே சொல்கிற மாதிரி பதம் இறக்கி, உதிர்ந்த வாயைத் தேய்த்து எடுத்துப் புதுக் கூர் வையுங்கள். கத்தி பிழைத்துக்கொள்ளும்.

புதிதாக அடிப்பதென்றால் அரத்தைச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். மலிவு அரங்களில் சில, மேல்தோலை மட்டும் கடினமாக்கிய சாதா இரும்பு. நுனியில் ஒரு அங்குலத்தைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, வைஸில் பிடித்துத் தட்டுங்கள். படக்கென்று ஒடிந்து, ஒடிந்த இடம் மாவு மாதிரி நைசாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். வளைந்தால் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குப் போடலாம். நல்ல அரம் என்று தெரிந்ததும் சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். காலையில் இளகியிருக்கும். அடிப்பதற்கு முன்னால் அரத்தின் பல்லை முழுக்கச் சாணையில் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு பல்லின் பள்ளம் மிஞ்சினாலும் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

நம் ஊரில் சிரட்டைக்கரிக்குப் பஞ்சமில்லை. அது சீக்கிரம் சூடேறும், அதனால் காற்றைக் குறைத்தே விடுங்கள். உருக்கிலிருந்து பொறி பறந்தால் அது எரிகிறது என்று அர்த்தம், அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் சுத்தியலைக் கீழே வையுங்கள். இன்னும் இரண்டு அடி என்று ஆசைப்பட்டு அடிக்கிற அந்த இரண்டு அடியில்தான் கத்தி உள்ளுக்குள் கீறிப்போகிறது.

வாய்ப்பக்கத்தை அடித்து மெல்லிசாக்கும்போது அந்தப் பக்கம் நீளும், கத்தி முதுகுப்பக்கமாக வளையும். ஆகவே முதலிலேயே வாய்ப்பக்கமாக லேசாக வளைத்து வைத்துக்கொண்டு அடியுங்கள், அடிக்க அடிக்கத் தானே நேராகும். அலகு 5 செ.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், முதுகில் 3 மி.மீ. கனம் போதும். வாயை இப்போதே கூராக்க வேண்டாம், 1 மி.மீ. கனம் விட்டு வையுங்கள். அதைவிட மெலிந்தால் தோய்ச்சலில், அதாவது காய்ச்சி முக்கும்போது, நெளியும்.

அப்புறம் பொறுமையாகச் செய்ய வேண்டிய ஒரு காரியம். சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள், முக்கக் கூடாது. இப்படி மூன்று தடவை. சுத்தியல் அடியில் உள்ளே ஏறிய இறுக்கம் தளரும், உருக்கின் மணி, அதாவது அதன் உள்ளே இருக்கும் நுண்துகள், நைசாகும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு கத்தி கோணுகிறது என்று எழுதுகிறார்கள்.

தோய்ச்சலுக்கு எவ்வளவு சூடு என்பதுதான் எல்லோருக்கும் குழப்பம். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே, 790 டிகிரி போல, அரத்து உருக்குக்குச் சரியான சூடு. கம்பியில் ஒரு காந்தத்தைக் கட்டி உலைப்பக்கம் தொங்கவிடுங்கள். ஆனால் காந்தத்தைவிட எனக்கு நம்பிக்கை நிழல்மேல்தான். வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும். குழித்துறையில் என் உலையின் மேற்குப் பக்கம் இதற்காகவே சாக்கு தொங்குகிறது. சிவந்துவரும் அலகை உற்றுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் சிவப்புக்குள் மங்கலான நிழல் ஒன்று தோன்றி, அலகின்மேல் நகரும். உருக்கின் உள்கட்டு மாறும்போது அது சூட்டைக் குடிக்கிறது, அதனால் அந்த இடம் மட்டும் சற்று நேரம் கறுத்துத் தெரிகிறது. கனம் குறைந்த வாயிலிருந்து நிழல் நழுவி, முதுகுக்குப் போய், மறைந்து, அலகு முழுக்க ஒரே நிறமாகும். அதுதான் நேரம், எடுத்து முக்குங்கள். அதற்கு மேல் சூடேற்றினால் மணி பெருத்து வாய் உதிரும்.

முக்குவது எண்ணெயில். இவ்வளவு மெல்லிய அலகுக்குக் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். தண்ணீர் வேண்டாம். எண்ணெய் 50, 60 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்தே கிடக்கும், காய்ச்சிய இரும்புத் துண்டு ஒன்றை அதில் போட்டு இளக்கிக்கொள்ளுங்கள். நுனி முதலில் செங்குத்தாக இறங்கட்டும். வாய்க்கும் முதுகுக்கும் நேராக முன்னும் பின்னும் அசையுங்கள், பக்கவாட்டில் அசைத்தால் கோணிவிடும். ஆறியதும் நல்ல அரம் ஒன்றை வாயில் இழுத்தால் கடிக்காமல் வழுக்க வேண்டும்.

வழுக்கினால் உடனே பதம் இறக்குங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். வீட்டு மின் அடுப்பில் 200 டிகிரி, ஒரு மணி நேரம். வெளியே எடுத்து ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். அடுப்பின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். இதற்குப் பிறகு பலாக்கணு உங்கள் கத்தியை ஒன்றும் செய்யாது.

ஐயா, எங்கள் பக்கத்துக் கொல்லாசாரி உளியைத் தண்ணீரில்தான் முக்குகிறார், மின் அடுப்பும் கிடையாது. ஆனால் அவருடைய உளி உடைந்து நான் பார்த்ததில்லை. எப்படி?
*ஒரு வாசகர், பாறசாலை*

அவர் பதம் இறக்காமல் விடவில்லை. ஒரே சூட்டில் இரண்டு வேலையையும் முடிக்கிறார், அதுவும் கண்முன்னே. இனி அவர் முக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உளி முழுவதையும் முக்கமாட்டார். வாயில் ஒரு அங்குலம் மட்டும் தண்ணீருக்குள் போகும், உடம்பு சிவப்பாகவே வெளியே நிற்கும். சட்டென்று எடுத்து, உடைந்த சாணைக்கல் துண்டால் வாயை இரண்டு இழுப்பு இழுத்து வெளுப்பாக்குவார். உடம்பில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி ஓடிவரும். வெளுத்த இடத்தில் முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பொன்மஞ்சள், செம்பு நிறம், ஊதா, கடைசியில் நீலம் என்று நிறங்கள் வரிசையாக நகரும். வெளிர்மஞ்சள் 205 டிகிரி, நீலம் 300 டிகிரிக்குச் சற்றுக் கீழே. தனக்கு வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் முழுவதையும் தண்ணீரில் போட்டுவிடுவார். சுத்தியலால் தட்டும் உளிக்குப் பொன்மஞ்சள் தாண்டிச் செம்பு நிறம் வரை விடலாம். கையால் தள்ளிச் செதுக்கும் கத்திக்கு வெளிர்மஞ்சளிலேயே நிறுத்த வேண்டும்.

உளி கனமானது, சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். 3 மி.மீ. அலகில் அந்த நிறங்கள் கண் சிமிட்டுவதற்குள் ஓடிவிடும். அதனால்தான் கத்திக்கு எண்ணெயும் அடுப்பும் என்கிறேன். அவர் வேலை பெரிய வேலை, விடாமல் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

லாரி ஸ்பிரிங் பிளேட்டில் அடிக்கலாமா? பவர் ஹாக்சா பிளேடு நல்லது என்கிறார்களே?
*ஒரு வாசகர், குலசேகரம்*

ஸ்பிரிங் பிளேட்டில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம்தான். அடி நன்றாகத் தாங்கும், வெட்டுக்கத்திக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. செதுக்கும் கத்தியில் கூர் அவ்வளவு நேரம் நிற்காது, அடிக்கடி தீட்ட வேண்டும். முழுக்க ஹைஸ்பீடு உருக்காலான ஹாக்சா பிளேடு வேறு ஜாதி. நம் கரி உலையில் அதற்குத் தோய்ச்சல் போட முடியாது, அதற்கு 1,200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். உலைக்கே கொண்டுபோகாமல் சாணையில் உருவம் எடுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்து மர உட்கூரையில் 90 வகைப் பூக்கள் இருக்கின்றனவே, அதுபோலக் கத்தியால் செதுக்க முடியுமா?
*ஒரு வாசகி, தக்கலை*

அந்த மாதிரி ஆழப் புடைப்பு வேலைக்கு உளியும் கொட்டாப்புளியும் வேண்டும் அம்மா. கத்தி, கையில் பிடித்துத் திருப்பிச் செதுக்கும் பொருளுக்கு: கரண்டி, பொம்மை, சின்னப் பிள்ளையார். குமிழ மரத்தில் தொடங்குங்கள், வெண்ணெயாகப் போகும். அதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து 20 டிகிரி கூர் போதும். பலா, அயினிக்கு 25 வையுங்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் எவ்வளவு நல்ல கத்தியும் சீக்கிரம் மழுங்கும். பக்கத்தில் தோல்வாரை வைத்துக்கொண்டு அடிக்கடி இழுங்கள்.

பத்தாவது படிக்கும் என் மகன் வீட்டுப் பின்னால் உலை போட்டுக் கத்தி அடிக்கிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது, விடலாமா?
*ஒரு தாய், செங்கோட்டை*

விடுங்கள், ஆனால் தனியாக விடாதீர்கள். பருத்திச் சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி கட்டாயம். நைலான் சட்டை உடம்போடு உருகி ஒட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயையோ தகட்டையோ உலையில் வைக்கக் கூடாது, அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி ஒன்றும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போடச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. முதல் தடவை அவன் முக்கும்போது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.