பின்வரிசையில் விளையாடும் மகனை முன்வரிசைக்கு மாற்றலாமா?

மகனுக்கு 15 வயது, கால்பந்தில் இடப்பக்கப் பின்வரிசையில் விளையாடுகிறான், கோல் அடிக்கிறவனுக்குத்தானே பெயர், முன்னுக்கு மாறச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இத்தாலியில் ஜெனோவாவில் ஒரு வயதானவரைப் பராமரிக்கிற வேலை எனக்கு. என் மகனும் அதே இடத்தில்தான் விளையாடுகிறான். ஒவ்வொரு ஞாயிறும் "நீ ஏன் கோல் அடிக்கிறதில்லை" என்று அவனைக் கரைச்சல்படுத்தியிருக்கிறேன். ஒருநாள் கிழவரின் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே இதைச் சொன்னேன். மனிசன் காலை இழுத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு பழைய பத்திரிகைப் படத்தை எடுத்துவரச் சொன்னார். அவருடைய அப்பா வெட்டி வைத்ததாம், மடிப்பு கிழிந்து பின்னால் டேப் ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தவர் ரென்சோ தே வெக்கி, அவரும் இடப்பக்கப் பின்வரிசைக்காரர்தான்.

1894இல் மிலானில் பிறந்தவர். 15 வயதிலேயே மிலான் அணியில் இறங்கிவிட்டார். 1910 மே 26, புடாபெஸ்டில் ஹங்கேரிக்கு எதிராக இத்தாலிக்கு ஆடும்போது வயது 16 வருடம் 112 நாள். அவ்வளவு சின்ன வயதில் இத்தாலிக்கு ஆடியவர்கள் மிகவும் குறைவு. அந்த ஆட்டத்தில் 6-1 என்று தோற்றார்கள், அது வேறு கதை. மிலான் ரசிகர்கள் அவரைக் கூப்பிட்டது 'கடவுளின் மகன்' என்று! 1913இல் ஜெனோவாவுக்கு வந்தார், அதற்குப் பிறகு 1929 வரை இங்கேதான். மூன்று தேசியப் பட்டங்கள், மூன்று ஒலிம்பிக், இத்தாலிக்கு 43 ஆட்டங்கள். அந்த 43இல் ஒரு கோல்கூட இல்லை.

அந்தக் காலத்து ஆட்டம் வேறு என்று யாராவது கீழே எழுத வருவீர்கள், தெரியும். வேறுதான், ஆனால் அப்போது பின்னுக்கு நின்றது இரண்டே பேர். ஒருவர் ஏமாந்தால் மிச்சம் மற்றவரும் கோல்காப்பாளரும்தான். அப்படி நின்றுதான் 1922-23இல் ஜெனோவா ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் எடுத்தது.

அன்றைக்கு இரவு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனும் பாவம், இங்கே ஒரு கழகத்தில் பதிவதற்கே பள்ளிக்கூடக் கடிதம், வதிவிட அனுமதி, அம்மா அப்பாவின் அடையாள அட்டை என்று என்னை மூன்று தரம் அலைய வைத்தார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு கடதாசி குறைகிறது என்பார்கள். இத்தாலியப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் முடிந்தது. அதற்குள் பாதிப் பருவம் போய், பிள்ளை கம்பி வேலிக்கு வெளியே ஜாக்கெட்டோடு நின்று பார்த்தான். அதை நினைத்தால் இப்பவும் எனக்கு வயிறு எரியும். இவ்வளவு பட்டு விளையாட வந்தவனைத்தான் நானும் கோல் கோல் என்று நச்சரித்திருக்கிறேன்.

சரி, உங்கள் மகனுக்கு எந்தக் கால் பலம் என்று எழுதவில்லை. இடது கால் என்றால் இரண்டாம் யோசனையே வேண்டாம், அப்படி ஒரு பின்வரிசைக்காரனைத் தேடித்தான் எங்கள் பயிற்றுநர் போன வருடம் முழுக்க அலைந்தார்.