பத்து மாதமாகியும் என் மகள் தவழவில்லை. வாக்கர் வாங்கிப் போட்டால் சீக்கிரம் நடப்பாளா?

வாங்காதீர்கள். யாராவது வாங்கிக் கொடுத்தாலும் பரணில் ஏற்றி வைத்துவிடுங்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் "நன்றாக உட்காருகிறாள், தவழ மட்டும் மாட்டேன் என்கிறாள், வீட்டில் எல்லோரும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்த பிறகு அப்படியே கடந்து போக மனசு வரவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளைச் சொல்லி நானும் அழுதிருக்கிறேன்.

உங்களுடையது நாலு பேர் இருக்கிற வீடு என்று நினைக்கிறேன். மடிக்கு மடி மாறி, இடுப்புக்கு இடுப்பு மாறி வளர்கிற பிள்ளையாக இருப்பாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது.

முதலில் கொஞ்சம் தைரியம் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2-லிருந்து 13.5-க்குள். தானாக நடப்பது 8.2-லிருந்து 17.6-க்குள். அதிலும் நூற்றுக்கு நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழாமலேயே நடக்கப் போய்விட்டார்கள். உங்கள் மகளுக்குப் பத்து மாதம்தான் ஆகிறது, உட்காரவும் செய்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாம் மாதமே தவழ்ந்தது என்றால் அது அந்தப் பிள்ளையின் நேரம்.

இனி என் கதை. என் மகன் 34 வாரத்தில் பிறந்தான். நாள் கணக்குக்கு ஆறு வாரம் முன்னதாக. எடை 1.9 கிலோ. சோழவந்தானில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுச் மதுரை செல்லூருக்குத் திரும்பினேன். குறைமாதப் பிள்ளை என்பதால் ஆளாளுக்குப் பயம். கீழே விட்டால் சளி பிடிக்கும், குப்புறப் போட்டால் மூச்சு முட்டும், எறும்பு கடிக்கும். சேலைத் தொட்டில், அது விட்டால் அத்தையின் மடி, அது விட்டால் என் தோள். எங்கள் அத்தையைக் கெட்டவராக நினைக்காதீர்கள். தறியில் உட்கார்ந்து துண்டு நெய்து நாலு பிள்ளைகளை வளர்த்தவர். தன் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சக்கூட நேரமில்லாமல் போன ஆதங்கத்தை எல்லாம் பேரன் மேல் கொட்டினார். அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

ஒன்பது மாதமாகியும் கையை விட்டால் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவான். ஒரு டாக்டரிடம் காட்டினோம். "ஆம்பளப் பிள்ளை அப்படித்தான், பொறுங்க" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். எத்தனையாவது வாரத்தில் பிறந்தான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. உறவில் ஒரு பெரியம்மா, ஆற்று மணலில் குழி தோண்டி இடுப்பளவு நிற்க வைத்தால் கால் உரம் பிடிக்கும் என்றார். இன்னொருவர் என் பிரசவ பத்தியம் சரியில்லை என்றார். அந்தச் சமயத்தில்தான் என் தம்பி தாய்மாமன் முறைக்கு ஒரு வாக்கர் வாங்கி வந்தான். பாட்டுப் பாடும், லைட் எரியும். பிள்ளையை அதில் உட்கார வைத்ததும் வீடே சிரித்தது. இவனும் கால் விரல் நுனியால் தரையை உந்திக்கொண்டு கூடத்தைச் சுற்றினான். நடந்துவிட்டான் என்றே எல்லோரும் போனில் சொன்னோம்.

மூன்றாவது வாரம். நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே இரண்டங்குல உயரத்தில் நிலைப்படி. என்னைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரே உந்தாக உந்தி வந்தான். முன்சக்கரம் நிலைப்படியில் முட்டியது. பின்சக்கரங்கள் மேலே எழும்பியது எனக்குத் தெரிந்தது, கையில் சோற்றுப் பானை. கிரைண்டர் ஓரத்தில் நெற்றி பட்டது. இரண்டு தையல். அவன் வலது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு இன்னும் இருக்கிறது. தலை வாரிவிடும்போதெல்லாம் என் விரல் அதில் போய் நிற்கும்.

"எங்க பிள்ளைங்க எல்லாம் வாக்கர்லதான் வளர்ந்துச்சு, ஒண்ணும் ஆகல" என்று சொல்ல யாராவது வருவார்கள். ஆகாமல் இருந்தது நல்லது, சந்தோஷம். ஆனால் கனடாவில் 2004-லிருந்து வாக்கர் விற்கவே தடை. பழையதைக்கூட விற்கக் கூடாது. விழுந்து அடிபடுவது மட்டுமில்லை. வாக்கரில் பிள்ளை நிற்பதில்லை, துணியில் தொங்குகிறது. சாய்ந்தால் விழுவோம் என்ற பாடம் அதற்குக் கிடைப்பதே இல்லை. இடுப்பும் முதுகும் சும்மா இருக்க, விரல் நுனி மட்டும் வேலை செய்கிறது. தன் காலைக்கூட அது குனிந்து பார்க்க முடியாது. நான் டாக்டர் இல்லை. எனக்கு இதை விளக்கியவர் பெரியாஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி அம்மா.

தையல் பிரிக்கப் போன இடத்தில்தான் ஒரு நர்ஸ், "பிள்ளை இன்னும் கெட்டியா உட்காரலையே, பிசியோதெரபியில காட்டுங்க" என்றார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தரையில் விரித்திருந்த மெத்தையில் அவரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதல் காரியமாக மகனின் சாக்ஸையும் கால்சட்டையையும் கழற்றச் சொன்னார். முட்டி துணியில் வழுக்காமல் தரையைப் பிடிக்க வேண்டுமாம். கை கால் எல்லாம் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்மா தரையில கெடப்பான்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். குளிப்பாட்டித் துவட்டும் நேரத்தையும் சேர்த்தால் இருபது நிமிஷம் வரும்.

"பிள்ளைக்குத் தரையே பழக்கமில்லம்மா" என்றார். திட்டவில்லை. பிறந்த வாரத்தைக் கேட்டு, ஆறு வாரம் கழித்து, இவன் வயது பத்தரை இல்லை, ஒன்பதுதான் என்று சீட்டில் எழுதினார். தசை கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று குழந்தை டாக்டரிடம் அனுப்பி, தைராய்டுக்கும் ரத்தம் எடுக்க வைத்தார். அதில் ஒன்றுமில்லை என்று வந்தது. வாரம் இரண்டு நாள் செல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்தோம்.

அவர் சொல்லித் தந்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். எதற்கும் காசு செலவில்லை. துண்டை இறுகச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்து, இரண்டு கையும் முன்னால் வருகிற மாதிரி குப்புறப் போடுவது. எங்கள் வீட்டில் அத்தை நெய்த துண்டுதான். பிள்ளை விழித்திருக்கும்போது மட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது மட்டும். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான். முதலில் இரண்டு நிமிஷத்தில் அழுவான், எடுத்துவிடுவேன், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போடுவேன். அப்படியே ஒரு மாதத்தில் அரைமணி வரை வந்தான். காலை நீட்டி உட்கார்ந்து என் தொடைக்குக் குறுக்கே அவனைப் போட்டு, கை ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமும் தரையில் ஊன்ற வைப்பது இன்னொன்று. உங்கள் மகள் உட்காருகிறாள் என்பதால் உங்களுக்கு முக்கியமானது இதுதான்: விளையாட்டுச் சாமானை அவளுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். பக்கவாட்டில், கைக்கு ஒரு சாண் எட்டாத தூரத்தில் வையுங்கள். எடுக்கத் திரும்பும்போது ஒரு கை ஊன்றும், பிறகு மறு கை, அப்புறம் முட்டி தானாக மடங்கும். உட்கார்ந்த நிலையிலிருந்து தவழும் நிலைக்குப் போகிற வழி அதுதான்.

வெட்டுகிற வெயில் காலம், பவர் கட். கூடத்தில் சமுக்காளத்தில் கிடந்தான். எதற்கும் மசியாதவன், அத்தையின் வெற்றிலைப் பெட்டிக்காக அசைந்தான். பித்தளைப் பெட்டி, ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னியது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கி முன்னும் பின்னும் ஆடினான். போகவில்லை, ஆடிக்கொண்டே இருந்தான். பார்க்க வந்திருந்த எங்கள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் தமிழ் வாத்தியார். "இதாம்மா செங்கீரை" என்றார். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் சொல்லியிருக்கிற பருவம் அது, ஒரு கால் மடக்கி ஒரு கால் நீட்டிக் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. வருஷம் முடிகிற சமயத்தில் வருகை, தளர்நடை போட்டு வருவது. பிசியோதெரபி அம்மா சுருட்டிய துண்டை வைத்துச் சொல்லித் தந்ததை நம் ஆட்கள் பாட்டுக்கு ஒரு பருவமாகவே வைத்திருக்கிறார்கள். என் மகன் அதைப் பதினோராம் மாதத்தில் ஆடினான். அன்றைக்கு அத்தை அழுதார். மறுநாளிலிருந்து, "பிள்ளையத் தரையில விடுங்கத்தா, பழகட்டும்" என்று வருகிறவர்களிடம் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

பதின்மூன்றாம் மாதம் தவழ்ந்தான். கட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்ந்தான். கட்டிலோரத்தில் டம்ளர், கரண்டி என்று வரிசையாக வைத்துவிடுவேன். அப்பா சோழவந்தானில் ஆசாரியிடம் சொல்லி வேப்பமரத்தில் நடைவண்டி செய்து வந்தார், மூன்று சக்கரம். நடைவண்டியும் வாக்கரும் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள். நடைவண்டியில் பிள்ளை தன் காலில், முழுப் பாதத்தையும் பதித்து நிற்கிறது. தள்ளினால்தான் நகரும். ஆனால் பிடித்து எழுந்து நிற்கப் பழகிய பிறகுதான் கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஆளும் இருக்க வேண்டும்.

அந்த நடைவண்டியால்தான் வீட்டை விட்டோம். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழே வீட்டு ஓனர். மரச்சக்கரம் கடகடவென்று சத்தம் போடுகிறது, மத்தியானம் படுக்க முடியவில்லை என்று தினம் மாடியேறி வந்தார். சக்கரத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினோம், அப்போதும் வந்தார். சரி, காலி செய்கிறோம் என்றோம்.

பதினெட்டரை மாதத்தில் நடந்தான், புது வீட்டில், சிமெண்டுத் தரையில், வெறுங்காலில். ஆறு வாரம் கழித்தால் பதினேழு மாதம். இப்போது இரண்டாம் வகுப்பு, கபடி என்றால் உயிர்.

பிடித்து நடத்தும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள். இடுப்பில் பிடியுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வேண்டாம். செல்போனைக் காட்டி உட்கார வைக்காதீர்கள், உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடுவாள்.

நான் தைரியம் சொன்னதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடவும் வேண்டாம். ஒரு கை, ஒரு காலை மட்டும் உபயோகிக்கிறாளா, தூக்கினால் கால் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறதா, துணி மாதிரி துவளுகிறாளா, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டாளா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் 13.5 மாதம் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள். பதினெட்டு மாதத்தில் நடக்காவிட்டாலும் அப்படித்தான். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் டாக்டர் குழு வருகிறது, 2013-லிருந்து நடக்கிற திட்டம், இலவசம். பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள், மேற்கொண்டு எங்கே போக வேண்டும் என்று எழுதியும் தருவார்கள். டீச்சரிடம் தேதி கேட்டு வையுங்கள்.

போகும்போது பிரசவத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் மகள் எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.