சனிக்கிழமை முகாமுக்குப் போகும் மகளைத் தடுக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. பி.ஏ., எல்.எல்.பி. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், விடுமுறை நாட்களில் சட்ட உதவி முகாம் என்று ஏற்காடு மலைக்கும் கிராமங்களுக்கும் சம்பளமில்லாமல் அலைகிறாள் என்பது ஒன்று. சேலத்தில் நடத்தும் கொலுசுப் பட்டறை வருமானத்தில் இன்னும் எத்தனை வருடம் அவளைத் தாங்க வேண்டியிருக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது கவலை நியாயமானது. அதற்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்கிறேன். முதல் கவலையை இன்றே விட்டுவிடுங்கள்.

சட்டப் படிப்பில் பயிற்சி என்பது விருப்பம் இருந்தால் செய்கிற காரியம் அல்ல. வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள்படி, ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ந்தாற்போல் நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்பதால், கடைசி வருடம் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழியில்லை. தொண்டு நிறுவனம், வழக்கறிஞர் அலுவலகம், கம்பெனி, உள்ளாட்சி அமைப்பு என எங்கும் செய்யலாம். ஆனால் விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும். முதலாவது சேலத்திலேயே கிடைத்துவிடும். உயர் நீதிமன்ற அனுபவத்துக்காகச் சில வாரம் சென்னையில் தங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு இப்போதிருந்தே ஒதுக்கி வையுங்கள்.

இனி, அவள் போகும் முகாம்களைப் பற்றி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. மாவட்ட நீதிபதிதான் அதன் தலைவர். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. இந்த உதவி இருப்பதே தெரியாதவர்களிடம் போய்ச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் பாரா லீகல் வாலண்டியர் என்ற சட்டத் தன்னார்வலர்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை சட்ட மாணவர்களும் இதில் சேரலாம். தேர்வாகிப் பயிற்சி பெற்றவர்களுக்கு, பணி செய்யும் நாட்களுக்கு மதிப்பூதியமும் உண்டு. பெரிய தொகை இல்லை. அவள் கோர்ட்டில் வாதாடவோ, யாருக்காகவும் வக்காலத்தில் கையெழுத்திடவோ முடியாது. மனு எழுத உதவுவாள், சரியான அலுவலகத்துக்கு வழி காட்டுவாள், மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கக்கூடிய விவகாரத்தை அடையாளம் காட்டுவாள்.

இதில் என்ன கற்றுக்கொள்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். மலைக்கிராம முகாம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மேசை. மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஒருவர் மஞ்சள் பையைக் கவிழ்க்கிறார். ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்று, மடிப்பில் கிழிந்த கந்தாய ரசீது. ரேஷன் கார்டில் சின்னப்பொண்ணு, ஆதாரில் சின்னபொன்னு, ரசீதில் இறந்துபோன கணவர் பெயர் மட்டும். குடும்பம் பயிர் செய்துவரும் வன நிலத்துக்கு உரிமை கேட்டு வந்திருக்கிறார். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலம் இவர்கள் அனுபவத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு சான்று போதாது. ஆனால் அரசு ஆவணம் குறைந்தால் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிவு செய்யலாம் என்று விதியே சொல்கிறது. மனு முதலில் போக வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ் இல்லை, கிராம சபை. உங்கள் மகள் அந்தக் காகிதங்களைத் தேதி வரிசைப்படி அடுக்கி, எது சான்று, எது வெறும் காகிதம் என்று பிரிக்கப் பழகுகிறாள். சிவில் வழக்கில் பாதி வேலை இதுதான், அம்மா. பட்டம் வாங்கிய பிறகும் இதில் தடுமாறுகிறவர்கள் பலர்.

அவள் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம் தயங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமுண்டு. கட்சிக்காரர் சொல்வதைச் சிதைக்காமல் நல்ல தமிழில் மனுவாக எழுதத் தெரிந்த ஜூனியரை எந்த சீனியரும் விடமாட்டார். உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் கட்டாயம் தேவை. தினம் ஒரு தீர்ப்பை எடுத்து, அதன் சாரத்தை அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால், பழைய சட்டப் பிரிவுகளோடு புதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி நாட்களில் டைரி எழுத வேண்டும். "இன்று கோர்ட்டுக்குப் போனேன்" என்று எழுதுவதில் பயனில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது, வாய்தா எதனால் தள்ளிப்போனது, சாட்சியிடம் எந்தக் கேள்வி எடுபடவில்லை என்று எழுதட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்லுங்கள். பணம் கட்டினால் வீட்டிலிருந்தே பயிற்சிச் சான்றிதழ் என்று வரும் விளம்பரங்கள். பத்துச் சான்றிதழை விட, அவள் வேலையை நேரில் பார்த்த ஒரு வழக்கறிஞரின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இப்போது பணம். பட்டம் வாங்கியதும் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமப்புறங்களில் 15,000 ரூபாய் கொடுக்கலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. பஸ் செலவுக்கு மட்டும் கொடுக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே பதிவுக்குப் பிறகு மூன்று வருடம் வீட்டிலிருந்து ஏதோ ஓர் அளவு உதவி தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிபதி ஆக வேண்டும் என்பது அவள் ஆசை என்றால், அந்த மூன்று வருடம் எப்படியும் தேவை. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டம் வாங்கிய கையோடு தேர்வு எழுதலாம் என்று கோச்சிங் சென்டரில் இப்போதே பணத்தைக் கொட்டாதீர்கள். வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வர வேண்டும் என்றால் பொதுத்துறை வங்கிகளின் சட்ட அதிகாரி தேர்வு இருக்கிறது. அதற்கும் வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்க வேண்டும். ராணுவத்தின் சட்டப் பிரிவு பெண்களையும் எடுக்கிறது, 55 சதவீத மதிப்பெண் வேண்டும், 27 வயதுக்குள் சேர வேண்டும். சட்ட உதவியிலேயே தொடர விரும்பினால், குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாட 2022-இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில், தொடக்க நிலை உதவி வழக்கறிஞருக்கு மூன்று ஆண்டுக்குள் அனுபவம் உள்ளவர்களையே கேட்கிறார்கள். சனிக்கிழமை முகாம்களில் நின்ற பெண்ணுக்கு இது கைக்கு எட்டும் வேலை.

சேலத்தில் இருந்தால் முன்னேற முடியாது என்று உறவினர்கள் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள். ராஜாஜியும், 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியாரும் வழக்கறிஞர் தொழில் செய்த ஊர் இது.

அடுத்த வாரம் கல்லூரியில் படிப்புச் சான்று வாங்கிக்கொண்டு, அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்துக்கு அவளை அனுப்புங்கள். தன்னார்வலர் தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று நேரில் கேட்கட்டும். மலைக்குப் போகும் நாட்களில் திரும்பி வரும் கடைசி பஸ் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளட்டும். உடன் ஒரு தோழியும் போகட்டும். அவள் அப்பாவுக்கும் நேரம் கிடைத்தால் ஒருநாள் முகாமுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.