வாசகர் கேள்வி–பதில்: தரகரின் பதிவு ரத்தானால் பணம் திரும்புமா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே இரண்டு ஏக்கர் மனைப்பிரிவில் 1,200 சதுர அடி மனையை 24 லட்சம் ரூபாய்க்குப் பேசி, ஒப்பந்தம் எதுவும் எழுதாமலே மனை விற்கும் நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாயைக் காசோலையாகக் கொடுத்தேன். தரகருக்குக் கமிஷன் 24,000 ரூபாய் ரொக்கம். தன் விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் மனை எண்ணைக் குறித்து, ‘கமிஷன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேனரில் ‘ரெரா அப்ரூவ்டு’ (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவானது) என்று இருந்தது. ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் தரகரின் பெயர் இருக்கிறது, மனைப்பிரிவின் பெயர் இல்லை. அவருடைய லைசென்ஸை ரத்து செய்ய முடியுமா? என் பணம் கிடைக்குமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: தரகரைத் தண்டிப்பது ஒரு விஷயம், பணத்தை மீட்பது வேறொரு விஷயம். புகார் எழுத உட்காரும் முன் இதை மனத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பலர் தரகர்மேல் உள்ள கோபத்தில் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு, பணத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

முதலில் தரகர். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. உங்கள் மனைப்பிரிவு ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர். பதிவாகாத திட்டத்தில் விற்பனைக்கு உதவுவதும், இல்லாத ஒப்புதலை இருப்பதாகச் சொல்வதும் 10ஆம் பிரிவின்படி தரகர் செய்யக்கூடாதவை. இதற்கு 62ஆம் பிரிவு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது; உச்சவரம்பு மனை விலையில் 5 சதவீதம். 24 லட்சத்துக்கு அது 1,20,000 ரூபாய், அதாவது பன்னிரண்டே நாளில் எட்டிவிடும் தொகை. இதைத் தவிர, பதிவின் நிபந்தனைகளை மீறியவரின் பதிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் 9(7)ஆம் பிரிவின்கீழ் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம், அல்லது அடியோடு ரத்து செய்யலாம். ரத்தானவர்களின் விவரமும் ஆணையத்தின் இணையதளத்தில் இடம்பெற வேண்டும். எனினும், அவர் தரப்பைக் கேட்காமல் ரத்து செய்ய முடியாது என்பதால், நோட்டீஸ், பதில், விசாரணை என்ற வரிசை நடந்தே தீரும். (வேடிக்கை என்னவென்றால், பதிவே செய்யாத தரகரிடம் ரத்து செய்ய எதுவும் இருப்பதில்லை, அவருக்கு அபராதம் மட்டுமே.)

உங்களிடமுள்ள விசிட்டிங் கார்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ‘நான் வழிதான் காட்டினேன், வியாபாரத்தில் எனக்குச் சம்பந்தமில்லை’ என்று தரகர் சொல்வது வழக்கம். மனை எண்ணுடன் கமிஷன் வாங்கியதாக அவரே எழுதியிருப்பது அந்த வாதத்தை முறித்துவிடும். பேனர் இன்னும் நின்றுகொண்டிருந்தால், இன்றே போய்ப் படம் எடுத்து வையுங்கள்.

இனி பணம். தரகர் கட்டும் அபராதம் 76ஆம் பிரிவின்படி அரசுக் கணக்குக்குப் போகிறது; அதில் ஒரு ரூபாய்கூட உங்களுக்கு வராது. ஆகவே நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, தவறான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்தவர் விலகிக்கொள்ள விரும்பினால் முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்ற 12ஆம் பிரிவின்கீழ் கேளுங்கள். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது 13ஆம் பிரிவு. 2,40,000 வரை வாங்கலாம் என்ற இடத்தில் 3 லட்சம் வாங்கியிருக்கிறார்கள், அதையும் குறிப்பிடுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கும், இழப்பீட்டை நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கென ஆணையம் நியமிக்கும் தீர்ப்பளிக்கும் அலுவலருக்கும் உரியது என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டிவிட்டதால், இழப்பீடும் வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு தேவை. கமிஷன் தொகையையும் கேட்டு வையுங்கள். அது ஆணையத்தின் முடிவைப் பொறுத்தது.

கேள்வி: மதுரையில் பதிவு பெற்ற தரகன் நான். வாடிக்கையாளர் கொடுத்த புகாரின் பேரில் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. புகார் பொய் என்பதால் பேசாமல் விட்டுவிடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால் எதிர்த்தரப்பின் தாள்களை மட்டும் பார்த்து உத்தரவு பிறப்பிக்கப்படும். சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்டு வாங்குவதிலும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. நீங்கள் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கணக்குப் புத்தகங்களையும், வாடிக்கையாளருக்கு எந்தெந்த ஆவணத்தை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்ற விவரத்தையும் சேர்த்து எழுத்து மூலம் பதில் கொடுங்கள். நீங்களே நேரில் வாதாடலாம். வழக்கறிஞரையோ பட்டயக் கணக்காளரையோ அனுப்பவும் 56ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தரவு பாதகமாக வந்தால், அதன் நகல் கிடைத்த 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றம். அபராதத்தில் குறைந்தது 30 சதவீதத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை மனை விற்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே, உங்களுக்கு இல்லை.

கேள்வி: என் தந்தை கட்டிய பழைய வீட்டை விற்றுத் தர வந்த தரகருக்கு ரெரா பதிவு இல்லை. இது குற்றமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. புதிய திட்டங்களில் நிறுவனங்கள் விற்கும் மனை, வீடுகளுக்கு இடையில் நிற்பவர்களுக்கே அந்தப் பதிவு கட்டாயம். கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை மட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.